கடன் நோட்டும் கையெழுத்தும்

போன வாரம் தடின்ஜூட் பௌர்ணமி, பர்மாக்கார புத்த மதத்துக்காரங்களோட விளக்குத் திருநாள். யாங்கோன்ல எங்க தெரு முழுக்க மெழுகுவர்த்தி, கரண்ட் போனதுகூட அன்னிக்கு யாருக்கும் குறையா தெரியல. பக்கத்து வீட்டு பர்மாக்காரப் பிள்ளைங்க மூணு பேரும் தட்டுல பழமும் மெழுகுவர்த்தியும் வச்சுக்கிட்டு அவங்க பாட்டி முன்னாடி மண்டி போட்டு கும்பிட்டாங்க. இதைக் கடோன்னு சொல்வாங்க. மனசாலயோ வாயாலயோ உடம்பாலயோ உங்களுக்குத் தப்பு செஞ்சிருந்தா மன்னிச்சுடுங்கன்னு பெரியவங்ககிட்ட கேக்குறது. பாட்டி ஒவ்வொருத்தன் தலைக்கு மேலயும் கைய வச்சு வாழ்த்துனாங்க. கடைசிப் பையனுக்கு அஞ்சு வயசு, மன்னிப்பு கேட்டு முடிச்ச கையோட தட்டுல இருந்த வாழைப்பழத்த எடுத்துட்டான், பாட்டி சிரிச்சுட்டாங்க.

சின்ன வயசுலேர்ந்து பாக்குறதுதான், ஆனா இந்தத் தடவ மனசுல எங்கயோ குத்துச்சு. ஏன்னா நம்ம லுத்தரன் சபைக் கோயில்ல ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழம நாமளும் இதே வார்த்தையத்தானே சொல்றோம், நினைவாலும் சொல்லாலும் செயலாலும் பாவம் செஞ்சோம்னு. ஒரே மூச்சுல சொல்லிட்டு நிமிர்ந்துடுறோம். ஐயர், அதான் நம்ம போதகர், பாவமன்னிப்பு கூறும்போது எனக்கு பாதி நாள் வீட்டுல கறியை மூடி வச்சேனாங்கிற யோசனைதான் ஓடும். அந்த நேரத்துல உலகத்துலயே பெரிய விஷயம் நடக்குது, நான் கறியப் பத்தி நினைச்சுக்கிட்டு நிக்கிறேன்.

நான் சின்னதா ஒரு மளிகைக் கடை வச்சிருக்கேன், அதனால எனக்கு கடன்னா என்னன்னு நல்லாவே தெரியும். எங்க கடையில ஒரு நீள நோட்டு இருக்கு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம், அரை வீசை வெங்காயம், கால் வீசை பருப்புன்னு எழுதி ஓரத்துல தொகை. பணம் கட்டினா குறுக்க ஒரு கோடு. கட்டாதவங்க பக்கம் அப்படியே இருக்கும், நான் மறந்தாலும் நோட்டு மறக்காது. பரமண்டல ஜெபத்துல "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல எங்கள் கடன்களை எங்களுக்கு மன்னியும்"னு சொல்றப்ப எனக்கு அந்த நோட்டுதான் கண்ணு முன்னாடி வரும். கொலோசெயர் 2:14-ல நமக்கு விரோதமா இருந்த "கையெழுத்தைக் குலைத்து" சிலுவையின்மேல ஆணியடிச்சார்னு இருக்கே, அங்க கையெழுத்துன்னா சும்மா கையெழுத்து இல்லைங்க, கடன் வாங்கினவன் தன் கையாலயே எழுதிக் குடுக்குற பத்திரம், நம்ம ஆளுங்க பாஷையில சொன்னா புரோநோட்டு. செட்டியார்மார் வட்டிக்கடை வச்சிருந்த ஊர் இது, புரோநோட்டு எழுதிக் குடுத்துட்டு நிலத்தையே இழந்த குடும்பங்க இருந்த ஊர். அந்தப் பத்திரத்த கடன் குடுத்தவரே கிழிச்சுப் போட்டார்னா அது எவ்வளவு பெரிய சமாச்சாரம்னு நமக்கு யாரும் வந்து விளக்கணுமா?

இன்னொன்னும் இந்த ஊர்க்காரங்களுக்குத்தான் சட்டுனு புரியும். 1987 செப்டம்பர் 5. 25, 35, 75 கியாட் நோட்டு இனிமே செல்லாதுன்னு பர்மா அரசாங்கத்துல சொல்லிட்டாங்க, மாத்திக்கவும் வழி கிடையாது, பதிலுக்குப் பணமும் கிடையாது. எனக்கு அப்ப 12 வயசு. அப்பா தகர டப்பாவத் திறந்து நோட்டுங்கள தரையில பரப்பி வச்சு எண்ணிக்கிட்டே இருந்தாரு, செல்லாதுன்னு தெரிஞ்சும் எண்ணினாரு. அம்மா வந்து விளக்கத் தள்ளி வச்சப்புறந்தான் நிறுத்தினாரு. பல வருஷம் கழிச்சு ஞானோபதேச வகுப்புல, அதாவது சபையில விசுவாசப் பாடம் சொல்லித் தர்ற வகுப்புல, நம்ம சபைக்கு மூலகாரணமான மார்ட்டின் லுத்தர் ஐயா 1546-ல சாகுறதுக்கு முன்னாடி எழுதி வச்ச கடைசிக் காகிதத்துல நாம எல்லாம் பிச்சைக்காரங்க, இதுதான் உண்மைன்னு எழுதியிருந்தாருன்னு சொன்னாங்க. எனக்கு உடனே அந்த டப்பாதான் ஞாபகம் வந்துச்சு. நான் கடவுள்கிட்ட கொண்டு போற நல்ல காரியம், காணிக்கை, ஓய்வுநாள் பாடசாலையில பாடம் எடுத்தது எல்லாமே அந்த 75 கியாட் நோட்டு மாதிரிதான், பாக்க நல்லா இருக்கும், எண்ணலாம், அடுக்கி வைக்கலாம், அங்க செல்லாது. கிறிஸ்துவோட இரக்கம் மட்டுந்தான் செல்லும், அது இலவசம்.

இந்த மாசம் 31 சீர்திருத்தத் திருநாள். 1517-ல பாவமன்னிப்புச் சீட்ட காசுக்கு வித்தாங்கன்னு லுத்தர் எதுத்தாரு, அத நாம பெருமையா பேசுவோம். ஆனா நம்ம வீட்டுக்குள்ள நாம விக்கிறது என்ன? "அவன் வந்து என் கால்ல விழட்டும், அப்புறம் பாக்கலாம்." "நாலு பேர் முன்னாடி பேசுனா, நாலு பேர் முன்னாடியே மன்னிப்பு கேக்கட்டும்." இதுவும் சீட்டு விக்கிறதுதான், காசுக்குப் பதிலா அடுத்தவன் மானத்த கேக்குறோம், அவ்வளவுதான் வித்தியாசம். அப்ப அவரு எழுதின 95 வாக்கியத்துல முதல் வாக்கியமே விசுவாசியோட வாழ்நாள் முழுக்க மனந்திரும்புதலா இருக்கணும்ங்கிறதுதான். சண்டை போட்டவன் மட்டும் இல்ல, மன்னிக்க வேண்டியவளும் தினம் மனந்திரும்பணும்.

இப்ப என் கதையச் சொல்றேன், மறைக்க இஷ்டமில்ல. எங்க அண்ணன் 2013-ல என் சங்கிலிய மூணு மாசத்துல மீட்டுத் தர்றேன்னு வாங்கிட்டுப் போய் அடகு வச்சாரு, வட்டி ஏறி மூழ்கியே போச்சு. அது அம்மா போட்டிருந்த சங்கிலி. நகை போனதவிட, கேட்டப்ப "நான் எப்ப வாங்கினேன்"னு சொன்னாரு பாருங்க, அதத்தான் என்னால தாங்க முடியல. அதுக்கப்புறம் ஒன்பது வருஷம் பேச்சு கிடையாது. ஒரே சபை, ஒரே ஆராதனை, அவரு ஆம்பளைங்க பக்கம், நான் பொம்பளைங்க பக்கம். அண்ணி மட்டும் வாசல்ல பாத்தா தலையாட்டுவாங்க.

இதுல ஒண்ண சொல்லியே ஆகணும். மன்னிக்கிறதுன்னா ஒண்ணுமே நடக்கலன்னு சொல்றது இல்ல. மத்தேயு 18-ல இயேசு சொன்ன கதையில ராஜா ஒரு வேலைக்காரனுக்குத் தள்ளுபடி பண்ணின கடன் பதினாயிரம் தாலந்து, ஒரு தாலந்து சுமார் 6,000 நாள் கூலின்னா மொத்தம் 6 கோடி நாள் கூலி, எந்த ஜென்மத்துலயும் கட்ட முடியாது. ஆனா அந்த வேலைக்காரன்கிட்ட அவனோட உடன் வேலைக்காரன் பட்டிருந்த கடன் நூறு வெள்ளிப்பணமும் 100 நாள் கூலிங்க, கூலிக்காரனுக்கு அது சின்னத் தொகையா? இயேசு அத சின்னதாக்கல. பட்ட நஷ்டம் நஷ்டந்தான். அதனால புருஷன்கிட்ட அடி வாங்கிட்டு வந்த பொண்ணுகிட்ட "மன்னிச்சுட்டு வீட்டுக்குப் போ, அதுதான் கிறிஸ்தவ குணம்"னு சொல்றவங்கள பாத்தா எனக்கு ரத்தம் கொதிக்குது. அவன் மனந்திரும்பட்டும், அதுக்குப் பேர்தான் பிரமாணம், பாவத்த பாவம்னு காட்டுற கடவுளோட கட்டளை, அடிக்கிறவன்கிட்ட அதச் சொல்ல பயந்துக்கிட்டு அடிபட்டவள் தலையில சுவிசேஷத்த சுமையா ஏத்துறது பாவம். மன்னிப்பு வேற, வீட்டுச் சாவிய திரும்பக் கையில குடுக்குறது வேற.

சரி, அண்ணன் விஷயம். 2022-ல ஒரு திருவிருந்து ஞாயிறு, மழை, கூட்டம் கம்மி, அதனால ஆண் பெண் பாக்காம வரிசையா போய் மண்டி போட்டோம். திரும்பிப் பாத்தா பக்கத்துல அண்ணன். எழுந்து போகவும் முடியாது. அவரு கை நடுங்கிச்சு, நகத்துல பெயிண்ட், தலை முக்கால்வாசி நரைச்சிருந்துச்சு, இவ்வளவு பக்கத்துல ஒன்பது வருஷமா பாக்கலையே. ஐயர் அப்பத்த குடுத்துக்கிட்டே வந்தாரு. "உங்களுக்காக." 1529-ல லுத்தர் எழுதின சிறிய ஞானோபதேசப் புஸ்தகத்துல இந்த வார்த்தையத்தான் அழுத்தி அழுத்திச் சொல்லியிருப்பாரு, உங்களுக்காகக் கொடுக்கப்பட்டது, சிந்தப்பட்டதுன்னு. சின்னப் பிள்ளையில மனப்பாடம் பண்ணினதுதான், அன்னிக்குத்தான் காதுல விழுந்துச்சு. உனக்காகன்னு இல்ல, உங்களுக்காக. எனக்கும் அந்த நரைச்ச தலைக்கும் சேர்த்து. அதே பாத்திரம் அவரு வாயிலேர்ந்து என் வாய்க்கு வந்துச்சு. அவரு என்கிட்ட மன்னிப்பு கேக்கல, இன்னிக்கு வரைக்கும் கேக்கல. நான் கேக்கறதுக்கு முன்னாடியே எனக்காக ஒருத்தர் செத்துட்டாரு, அப்புறம் நான் எத வச்சுக்கிட்டு காத்திருக்கிறது?

வீட்டுக்கு வந்து நோட்ட எடுத்தேன். கடைசிப் பக்கத்துல அவரு பேர் போட்டு சங்கிலி எடை, தேதி, அன்னிக்கு தங்க விலை எல்லாம் எழுதி வச்சிருந்தேன், வருஷா வருஷம் விலை ஏற ஏற புதுசாவும் எழுதியிருந்தேன், அவ்வளவு வைராக்கியம். குறுக்க கோடு போட்டேன். போடும்போது சந்தோஷம்லாம் இல்ல, அம்மா ஞாபகத்துல அழுகதான் வந்துச்சு. இப்பவும் சில நாள் ராத்திரி அந்தக் கோபம் எந்திரிச்சு உக்காருது, பழைய ஆதாம, அதாவது நம்ம பாவ சுபாவத்த, தினம் தண்ணியில முக்கணும்னு ஞானஸ்நானத்தப் பத்தி ஞானோபதேசம் சொல்றது அதுக்குத்தான், மறுநாள் காலையில திரும்ப கோடு போடுறேன்.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு சாயங்காலம் அண்ணன் கடை வாசல்ல வந்து நின்னாரு. கொஞ்ச நேரம் அரிசி மூட்டையவே பாத்துக்கிட்டு நின்னாரு. அரை வீசை வெங்காயம் வேணும்னாரு, நிறுத்துக் குடுத்தேன். பையில கைய விட்டுப் பாத்துட்டு, "பாப்பா, எழுதிக்க, சனிக்கிழம தர்றேன்"னாரு.

புதுப் பக்கம் எடுத்து எழுதினேன்.