மாத்திரையை விட்டதால்தான் வந்ததா?

"மருந்தை ஒழுங்காப் போட்டிருக்க மாட்டா." என் அக்காவின் காசநோய், மருந்துக்குக் கட்டுப்படாத வகை என்று தெரிந்த அன்று உறவுக்காரர்கள் எல்லோரும் சொன்னது இதைத்தான். அவள் ஒரு நாள்கூட விடவில்லை. ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தைப் போட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். "இன்னைக்கும் கலர் வந்துடுச்சு, மருந்து உள்ள போகுது" என்று தினமும் என்னிடம் சொல்வாள்.

அப்புறம் எப்படி வந்தது? நுரையீரலில் குழி விழுந்துவிட்டால் அதற்குள் கோடிக்கணக்கில் கிருமிகள் இருக்கும். அவை பெருகும்போது மரபணுவில் தற்செயலாகப் பிழைகள் விழும், சில பிழைகள் கிருமியை மருந்துக்கு மசியாததாக்கிவிடும். மருந்தே தொடாத உடம்பிலும், ஐசோனியசிட் என்ற இன்னொரு காசநோய் மருந்துக்கு மசியாத கிருமி ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒன்று, ரிஃபாம்பிசினுக்கு மசியாதது 10 கோடியில் ஒன்று என்று இருக்கும். ஒரே மருந்தைக் கொடுத்தால் மற்றவை செத்துப்போக, இந்தச் சில மட்டும் மிஞ்சிப் பெருகும். இரண்டு மருந்துக்கும் சேர்த்து மசியாத கிருமி இருப்பது மிக மிக அரிது. கூட்டு மருந்து கொடுப்பதே அதனால்தான்.

இது புதிய பாடமும் இல்லை. 1948இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற ஊசி மருந்து மட்டும் கொடுக்கப்பட்ட 55 பேரில் ஆறு மாதத்தில் இறந்தவர்கள் 4 பேர். மருந்தில்லாமல் படுக்கை ஓய்வில் மட்டும் இருந்த 52 பேரில் 14 பேர். அதிசயம் என்றுதான் தோன்றியிருக்கும். ஆனால் ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தால் இறந்தவர்கள், மருந்து வாங்கியவர்களில் 32 பேர், ஓய்வில் மட்டும் இருந்தவர்களில் 35 பேர். சிகிச்சை நடக்கும்போதே பலருடைய சளியில் இருந்த கிருமி அந்த மருந்தை வென்றுவிட்டது.

அக்காவுக்கு நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். தொடக்கத்தில் சளியை மைக்ராஸ்கோப்பில் மட்டும் பார்த்தார்கள். கிருமி இருக்கிறதா என்பது அதில் தெரியும், எந்த மருந்துக்குச் சாகும் என்பது தெரியாது. அவளுக்குத் தொற்றிய கிருமியே ஐசோனியசிட்டுக்கு மசியாதது என்று பின்னால் கல்ச்சரில், அதாவது சளியிலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், தெரிந்தது. முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து இருந்ததால் காய்ச்சல் விட்டது, எடை ஏறியது. மூன்றாம் மாதம் அந்த நான்கில் பைராசினமைடையும் எத்தாம்பூட்டாலையும் நிறுத்தியதும், பெயருக்கு இரண்டு மருந்து, உண்மையில் வேலை செய்தது ரிஃபாம்பிசின் ஒன்றுதான். ஐந்தாம் மாதம் இருமல் திரும்பியது. அப்போதும் சோதிக்காமல், அதே மருந்துகளோடு ஒரு ஊசியை மட்டும் சேர்த்தார்கள். தோற்றுப்போன கூட்டணியில் புதிதாக ஒரே ஒரு மருந்தைச் சேர்த்தால் அதுவும் தனியாகத்தான் சண்டை போட வேண்டும், அதையும் கிருமி பழகிக்கொள்ளும். மறுசிகிச்சைக்கு இப்படி ஸ்ட்ரெப்டோமைசினைச் சேர்க்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே பல ஆண்டுகள் பரிந்துரைத்தது, 2017இல்தான் வேண்டாம் என்றது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

மருந்தைப் பாதியில் நிறுத்தினால் ஆபத்து என்பது உண்மை, தயவுசெய்து யாரும் நிறுத்தாதீர்கள். ஆனால் மருந்துக்குக் கிருமி கட்டுப்படாமல் போனவரைப் பார்த்ததுமே அவர்மேல் பழி போடுவது அநியாயம். சிகிச்சையை விட்டவரைக் கடமை தவறியவர் என்று பழிக்கும் 'டிஃபால்ட்டர்' என்ற சொல்லை உலக சுகாதார நிறுவனம் 2013இல் கைவிட்டது. நம் வாயிலிருந்து அது இன்னும் போகவில்லை.

அக்கா அதற்கப்புறம் இருபது மாதம் மருந்து சாப்பிட்டாள். ஊசியால் காது பாதி போய்விட்டது. இப்போது பெடாகுயிலின் என்ற புது மாத்திரை சேர்ந்த, ஊசியே இல்லாத ஆறு மாத சிகிச்சை வந்திருக்கிறது. கிருமி ரிஃபாம்பிசினுக்கு மசியாததா என்பதை (ரிஃபாம்பிசின் எதிர்ப்பு) இரண்டு மணி நேரத்தில் சொல்லும் ஜீன்எக்ஸ்பர்ட் என்ற சளிச் சோதனை இருக்கிறது. அதன் வழக்கமான சோதனையில் ஐசோனியசிட் எதிர்ப்பு தெரியாது, அதற்குத் தனியாகச் சோதிக்க வேண்டும்.

உங்கள் வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால் முதல் நாளே இரண்டு சோதனையும் செய்தார்களா என்று கேளுங்கள். இரண்டாம் மாத முடிவிலும் சளியில் கிருமி தெரிந்தால் மறுபடி கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.