லிக்னைட்னா மரம்தான் சார்

அந்த வினாடி வினா வீடியோவைப் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இன்பாக்ஸில் துக்கம் விசாரிக்கிற எல்லோருக்கும்: ஆமாம், அந்த "மரம்" அம்மா நான்தான்.

குக்கர் பரிசு வைத்த போட்டி. லிக்னைட் என்ற நிலக்கரியின் பெயருக்கு மூலமான சொல்லின் பொருள் என்ன என்று கேட்டார்கள். மரம் என்றேன். "கரியைக் கேட்டா மரம்கிறாங்களே!" என்றார் நடத்தியவர். மண்டபமே சிரித்தது. அவர் அட்டையில் இருந்த விடை, பழுப்பு.

லத்தீனில் லிக்னும் என்றால் மரக்கட்டை, விறகு. அதிலிருந்து வந்தது லிக்னைட். பழுப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"பாடப்புத்தகத்திலேயே பழுப்பு நிலக்கரின்னுதானே இருக்கு?" இருக்கிறது. அது நிறத்தைப் பார்த்து வைத்த இன்னொரு பெயர். என்னை வீட்டில் குண்டம்மா என்பார்கள், அதற்காக என் பெயருக்குப் பொருள் குண்டு ஆகிவிடுமா? கேட்டது சொல்லின் மூலத்தை. மூலம் மரம்.

நான் நெய்வேலியில் பிறந்தவள். அப்பாவுக்குச் சுரங்கத்தில் வேலை. ஒருநாள் கைப்பிடி அளவு துண்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். அதில் மரத்தின் ரேகை அப்படியே தெரிந்தது. ஜன்னலில் வைத்தோம், நாலு நாள் வெயிலில் காய்ந்து பட்டை பட்டையாக உரிந்தது. "ஒரு காலத்துல மரமா நின்னது பாப்பா" என்றார். எட்டாவது படித்தவர். லத்தீன் எல்லாம் தெரியாது.

நிலக்கரியில் உசத்தி ரகமான ஆந்த்ரசைட்டுக்கு கிரேக்க மூலம் ஆந்த்ராக்ஸ். பொருள் என்ன தெரியுமா? கரி. அவ்வளவுதான். தான் மரமாக இருந்ததைப் பெயரில் வைத்திருப்பது எங்கள் ஊர்க் கரிதான்.

"எப்படியும் அது மட்டக்கரிதானே" என்று ஒருவர் கமென்ட் போட்டு, அதற்கு நாற்பது சிரிப்பு பொம்மைகள். சரி, பாதி எடை ஈரம்தான், சூடும் குறைவுதான். அந்த மட்டக்கரியில்தான் 1962 முதல் மின்சாரம் வந்தது. அதில் செய்த லெகோ என்ற அடுப்புக்கரிக் கட்டியில்தான் எங்கள் வீட்டில் வெந்நீர் காய்ந்தது. மட்டமாம்! (கரியே கூடாது, காற்று கெடுகிறது என்பவர்களிடம் நான் சண்டைக்கு வரவில்லை. அது வேறு பஞ்சாயத்து.)

1935-இல் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டும்போது இந்தக் கரிதான் கறுப்பாக வெளியே வந்தது. 1956-இல் சுரங்க நிறுவனத்தின் பெயரிலேயே லிக்னைட் ஏறியது: நெய்வேலி லிக்னைட் கார்ப்பரேஷன். 2016-இல் அது என்.எல்.சி. இந்தியா ஆனபோது அந்தச் சொல் ஒற்றை எழுத்தாகச் சுருங்கியது. அன்றைக்கு அப்பா எதுவும் பேசவில்லை, பேப்பரை மடித்து வைத்தார்.

ஒரு குக்கருக்காகவா இவ்வளவு என்று கேட்காதீர்கள். குக்கர் வேண்டாம். அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு வரி திருத்தம் போடுங்கள். அப்பா தினமும் அதைத் திறந்து பார்த்துவிட்டு, "நீ சரியாத்தானே பாப்பா சொன்ன?" என்று போனில் கேட்கிறார்.