ஒரே சம்பளம் என்றால் ஒரே வேலையா?

சனிக்கிழமைக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "எல்லா விரிவுரையாளருக்கும் ஒரே சம்பளம்தானே, எங்கே வேலை செய்தால் என்ன?" என்று ஒரு சேர் கேட்டதும் மண்டபமே கைதட்டியது. எனக்கு இரண்டு நாளாக நித்திரை இல்லை.

சம்பளத் திட்டம் ஒன்றுதான். ஆனால் இடம் மாறினால் வேலையே மாறிவிடுகிறது. நான் கிழக்கில் ஒரு பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பிக்கிறவன். குடும்பம் கொழும்பில். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் நண்பர் காலை விரிவுரை முடிந்து, தேசிய சுவடிகள் கூடத்துக்கு நடந்தே போய்க் கோப்பைப் பார்த்துவிட்டுப் பின்னேர வகுப்புக்குத் திரும்பிவிடுவார். அதே கோப்புக்கு நான் லீவு போட்டு மட்டக்களப்பில் இரவு ரயில் ஏற வேண்டும். கொழும்பு வோட் பிளேசில் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் இரண்டு மணி நேரக் கூட்டம் என்றாலும் எனக்கு இரண்டு நாள் போய்விடும். பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகளை எண்ணும்போது மட்டும் இருவருக்கும் ஒரே கணக்கு.

கொழும்பில் வாடகையும் நெரிசலும் கொடுமை என்பீர்கள். சரி, உண்மைதான். "அப்போ கொழும்புக்கு மாறி வாருங்களேன்" என்பதைத்தான் தாங்க முடியவில்லை. பாடசாலை ஆசிரியர்களைப் போல எங்களுக்கு இடமாற்றம் இல்லை. வெற்றிடம் விளம்பரமாக வர வேண்டும், புதிதாக விண்ணப்பித்து நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டும். என் பாடத்துக்குத் தமிழ் மொழிமூல வெற்றிடத்தை ஒன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இடம் முக்கியம் என்பது நான் கண்டுபிடித்த விஷயமும் இல்லை. 1942இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்குப் போனபோது, மாணவர் விடுதிகளோடு ஆசிரியர்களுக்கும் வீடு கட்டித்தான் கொண்டுபோனார்கள். முதல் துணைவேந்தர் ஐவர் ஜெனிங்ஸ் காலத்திலேயே விளங்கிய விஷயம் இது.

என் மாணவர்களை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்த பிள்ளைகள் அவர்கள். அவர்களுக்காகத்தான் இன்னும் அங்கே இருக்கிறேன். ஆனால் அதையே சொல்லி என் வாயை அடைக்காதீர்கள்.

போன மாசி மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குளியலறையில் அம்மா வழுக்கி விழுந்தா. மனைவி வேலையில், நான் கிழக்கில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுத் தம்பிதான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு ஓடினார். மறுநாள் விடிய நான் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி ஓடிப்போனபோது அம்மாவின் கையில் மாவுக்கட்டுப் போட்டு முடிந்திருந்தது. படிவத்தில் அந்தத் தம்பியின் கையெழுத்து, அதற்குப் பக்கத்தில் உறவுமுறை: மகன்.

கைதட்டியவர்களில் மூன்று பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறீர்கள். அந்தப் படிவத்தின் பிரதி என்னிடம் இருக்கிறது. வந்து பாருங்கள்.