மூழ்காத கடலில் கப்பல் கட்டுவது

பிளாக் எனும் கனசதுரக் கட்டிகளை அடுக்கி எதையும் கட்டும் கணினி விளையாட்டான மைன்கிராஃப்டில் பழைய பாய்க்கப்பல்களைக் கட்டிப் படம் போடும் தமிழ்ப் பிள்ளைகளை முகநூலிலும் யூடியூபிலும் இப்போது அடிக்கடி காண்கிறேன். நானும் கட்டுகிறவன்தான், பெரம்பூரில் இருக்கும் என் அக்கா மகனும் கட்டுகிறான். இதை வெட்டி வேலை என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்குச் சிறிதும் உடன்பாடு இல்லை. ஏராவில் (கப்பலின் அடிமரம்) தொடங்கி, வங்குகளை (விலா எலும்பு போன்ற வளைமரங்கள்) நிறுத்தி, பலகை போர்த்தி, பாய்மரம் ஏற்றி ஒரு கப்பலைத் தன் கையால் முடித்த பிள்ளைக்கு, கடல் வாணிகமும் கடற்போரும் எந்த மரத்தின் மீது, எந்தக் காற்றை நம்பி நடந்தன என்பது தானாகவே புரிந்துவிடுகிறது. ஆண்டுகளை மட்டும் மனப்பாடம் செய்தவருக்கு அந்தப் புரிதல் வருவதில்லை. ஆகவே நான் எழுதுவது இந்த விளையாட்டுக்கு எதிராக அன்று. சான்றுக்குக் கட்டுப்பட்டுக் கட்டியதை மட்டுமே வரலாற்றுக் கப்பல் என்று அழைக்க வேண்டும் என்பதுதான் என் கருத்து. அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

இந்த விளையாட்டில் கடல் கப்பலைச் சோதிப்பதில்லை. நீர்மட்டத்துக்கு மேல் எத்தனை அடுக்கு வேண்டுமானாலும் ஏற்றலாம். கப்பல் சாயாமல் இருக்க அடியில் ஏற்றும் நிறைபாரமே இல்லாவிட்டாலும் அது இம்மியும் சாயாமல் நிற்கும். நிஜக் கடல் அப்படி விட்டுவைக்காது. சுவீடன் அரசர் கட்டுவித்த வாசா என்ற போர்க்கப்பல் 1628 ஆகஸ்ட் 10 அன்று ஸ்டாக்ஹோமிலிருந்து தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. இரண்டு பீரங்கித் தளங்கள், 64 பீரங்கிகள், 11.7 மீட்டர் அகலம், அடியிலிருந்து பாய்மர உச்சி வரை 52.5 மீட்டர் உயரம். மேல்பாரம் மிகுந்து அடிப்பாரம் போதாமல் இருந்த அந்தக் கப்பல், சுமார் 1,300 மீட்டர் தொலைவு போனதுமே ஒரு காற்றுக்குச் சாய்ந்தது. திறந்திருந்த கீழ்த்தளப் பீரங்கிச் சாளரங்கள் வழியாகத் தண்ணீர் புகுந்து மூழ்கியது. 1961இல் மேலே எடுக்கப்பட்டு, இன்று அதே நகரத்தின் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ முழு உருவத்தோடு நிற்கிறது. மைன்கிராஃப்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனமும் ஸ்டாக்ஹோமைச் சேர்ந்ததே. வாசாவை அதன் உண்மை அளவில் கட்டி, எதிரே சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். அது ஏன் கவிழ்ந்தது என்பதற்கு வேறு விளக்கம் தேவைப்படாது. அளவைப் பிசகவிட்டு, அழகுக்காக நான்கு பிளாக் அகலப்படுத்தினால் அந்தப் பாடமே காணாமல் போய்விடும். கடல் காட்ட வேண்டிய கண்டிப்பை இங்கே கட்டுகிறவரே தனக்குத் தானே காட்டிக்கொள்ள வேண்டும்.

அளவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான கப்பல்கள் கெடுவது இங்கேதான். இந்த விளையாட்டில் ஒரு பிளாக் என்பது ஒரு மீட்டர். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மத்தில் இன்றும் நிற்கும் விக்டரி என்ற பழைய போர்க்கப்பலின் பீரங்கித் தள நீளம் 56.7 மீட்டர், அகலம் 15.8 மீட்டர். அப்படியே முழுமையாக்கினால் 57க்கு 16 என்று வரும். ஆனால் 16 இரட்டைப்படை. நடுக்கோடு இரண்டு பிளாக்குகளுக்கு இடையே விழுவதால், ஏராவும் பாய்மரமும் முகப்பில் நீளும் முன்சாய்மரமும் இரண்டு பிளாக் பருமனில் தூண்களாகிவிடும். ஆகவே 15 அல்லது 17 என்று ஒற்றைப்படைக்குப் போக வேண்டும். 15 என்றால் 0.8 மீட்டர் குறைகிறது, 17 என்றால் 1.2 மீட்டர் கூடுகிறது. நான் 15ஐத்தான் எடுப்பேன். உயரத்தில் வரும் சிக்கல் இதைவிடப் பெரியது. விளையாட்டு மனிதனின் உயரம் 1.8 மீட்டர், அவன் நடக்க இரண்டு பிளாக், தரைக்கு ஒரு பிளாக் என்று தளத்துக்கு மூன்று மீட்டர் போய்விடுகிறது. மூன்று பீரங்கித் தளங்களும், அவற்றுக்குக் கீழே இருப்பவையும், மேலே இருப்பவையும் சேர்ந்தால் கப்பல் பத்தாயம் போல் எழும்பி நிற்கும். அரை உயர ஸ்லாபைத் தரையாகப் போட்டால் தளத்துக்கு அரை மீட்டர் மிச்சமாகும். அதுவும் போதாதென்றால் கப்பல் முழுவதையும் இரு மடங்கு அளவில் கட்ட வேண்டும். அப்போது பீரங்கித் தளம் 113 பிளாக் நீளும். வேலை கடுமைதான். ஆனால் நீளத்தை உண்மை அளவிலும் உயரத்தை ஒன்றரை மடங்கிலும் கலந்து கட்டுவது மட்டும் கூடவே கூடாது. இன்னொன்றையும் கவனியுங்கள்: விக்டரியின் பக்கங்கள் நீர்மட்டத்துக்கு அருகில்தான் மிக அகலமாக இருக்கும், மேலே போகப் போக உள்ளே சாயும். மேலே போகப் போக விரியும்படி கட்டப்பட்ட விக்டரிகள் இணையத்தில் ஏராளம். முகப்பிலிருந்து ஒருமுறை பார்த்தாலே அவை வேறு கப்பல்கள் என்று தெரிந்துவிடும்.

காற்றையும் கட்ட வேண்டும் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. அக்கா மகன் கட்டிய கப்பலில் வெள்ளைக் கம்பளி பிளாக்குகளால் ஆன பாய்கள் அணியத்தை (முன்பக்கம்) நோக்கி அழகாகப் புடைத்திருந்தன. பாய்மர உச்சியில் இருந்த கொடியோ அமரத்தை (பின்பக்கம்) நோக்கிப் பறந்தது. கொடியையும் முன்னோக்கித் திருப்பு என்றேன். “கப்பல் முன்னாடி போகுதுன்னா கொடி பின்னாடிதானே மாமா பறக்கணும்? பைக்ல கட்டுற கொடி அப்படித்தானே பறக்குது?” என்று கேட்டான். பைக்கைத் தள்ளுவது எஞ்சின், இந்தக் கப்பலைத் தள்ளுவது காற்று என்றேன். பின்காற்றில் ஓடும் கப்பல் அந்தக் காற்றின் வேகத்தை எட்டுவதில்லை. ஆகவே தளத்தில் நிற்பவருக்கும் காற்று பின்னாலிருந்துதான் வீசும், கொடியும் பாய் புடைத்த பக்கமே பறக்கும். கொஞ்ச நேரம் யோசித்தவன், “அப்போ காத்து சைடுல அடிச்சா பாயை என்ன பண்ணுவாங்க மாமா?” என்றான். பாயைத் தாங்கும் குறுக்குமரங்களான பருமல்களைத் திருப்பிக் கட்டுவார்கள் என்று சொன்னேன். சதுர பிளாக்குகளால் ஆன உலகில் ஒரு பருமலைச் சாய்கோணத்தில் திருப்பி, அதில் தொங்கும் பாயையும் அதே கோணத்தில் புடைக்க வைப்பது எவ்வளவு கடினம் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அவன் அந்த வேலையில் இறங்கிவிட்டான். பருவக்காற்றை நம்பி ஓடிய வணிகர்களைப் பற்றி அவனோடு பேசுவது அதன் பிறகு எனக்கு மிக எளிதாயிற்று.

எந்தக் கப்பல் என்பதோடு எந்த ஆண்டின் கப்பல் என்பதையும் முடிவு செய்தாக வேண்டும். விக்டரி நீரில் இறக்கப்பட்டது 1765இல். அதன் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு அடிக்கப்பட்டது 1780இல். அது ஈடுபட்ட டிரஃபால்கர் கடற்போர் நடந்தது 1805இல். ஆகவே 1765ஆம் ஆண்டின் விக்டரிக்கு அடியில் செம்பு வைத்தால் அது பிழை, 1805ஆம் ஆண்டின் விக்டரிக்கு வைக்காவிட்டால் அது பிழை. மைன்கிராஃப்டில் 2021இல் வந்த செம்பு பிளாக் நாளாக ஆகப் பச்சை பூக்கும், தேன்மெழுகு பூசினால் அந்த நிலையிலேயே நிற்கும். செம்படித்த கப்பலைக் கட்டுகிறவருக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. நிறமும் அப்படியே. விக்டரியின் பழைய பூச்சு அடுக்குகளை ஆராய்ந்ததில், டிரஃபால்கர் காலத்தில் அதன் பக்கவாட்டுப் பட்டைகள் அடர் மஞ்சளாக இல்லாமல் வெளிறிய இளஞ்சிவப்புச் சாயல் கொண்டிருந்தன என்று தெரியவந்தது. 2015இல் கப்பலுக்கு அந்த நிறத்தையே மீண்டும் பூசினார்கள். வெள்ளை டெரகோட்டா பிளாக் அதற்கு மிக நெருக்கமாக வருகிறது.

இனி எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் விஷயத்துக்கு வருகிறேன். “ராஜேந்திர சோழனின் போர்க்கப்பல்” என்ற தலைப்போடு பகிரப்படும் படங்களில் பெரும்பாலானவை, 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் போர்க்கப்பலின் உடம்பில் புலிக்கொடியை ஏற்றியவை. அமரத்தில் மாடிமாடியாக எழும் கோட்டை, பக்கங்களில் பீரங்கிச் சாளரங்கள், தளத்தின் நடுவே சுக்கான் சக்கரம். ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பு 1025இல் நடந்தது. அப்போது எந்தக் கடலிலும் கப்பற்பீரங்கி கிடையாது. சுக்கான் சக்கரம் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கப்பல்களுக்கு வந்தது. வாசாவிலேயே அது இல்லை. அந்த அரசனின் மெய்க்கீர்த்தி அலைகடல் நடுவுள் பல கலம் செலுத்தியதைச் சொல்கிறதே தவிர, அந்தக் கலங்களின் நீள அகலத்தைச் சொல்லவில்லை. இதைச் சுட்டிக்காட்டினால், தமிழனின் பெருமையைக் குறைக்கிறாய் என்று சண்டைக்கு வருகிறார்கள். குறைப்பது யார்? கடல் கடந்து போன நம் முன்னோர் வேறு வகைக் கலங்களில், வேறு தொழில்நுட்பத்தில் போனார்கள். அவர்களுக்கு ஐரோப்பியனின் கப்பலை இரவல் வாங்கிக் கொடுப்பதுதான் அவர்களைச் சிறுமைப்படுத்துவது. அந்தப் படத்தைப் பார்த்து வளரும் பிள்ளை அதையே சோழர் கப்பல் என்று நம்பிவிடுவான். பிறகு உண்மையான சான்றைக் காட்டினாலும் அது அவன் கண்ணுக்கு எளிமையாகத் தெரியும்.

நம் பக்கத்துச் சான்றுகள் குறைவுதான், ஆனால் அடியோடு இல்லாமல் போய்விடவில்லை. சோழமண்டலக் கடற்கரையில் கிடைத்த சாதவாகனர் ஈயக்காசுகளில் இரண்டு பாய்மரங்களும், அமரத்தில் பக்கத் துடுப்பாக இறங்கும் சுக்கானும் கொண்ட கப்பல் இருக்கிறது. ஜாவாவின் போரோபுதூர் சிற்பங்களில் கடல் கடக்கும் கலங்கள் விரிவாகவே செதுக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பின்பற்றிக் கட்டிய கப்பல் ஒன்று 2003-04இல் இந்தோனேசியாவிலிருந்து கானா வரை பாய்விரித்துப் போயிருக்கிறது. இந்தியக் கடற்படை 2025 மே மாதம் கார்வாரில் சேர்த்துக்கொண்ட கௌண்டின்யா என்ற பாய்க்கப்பல், அஜந்தா ஓவியம் ஒன்றில் உள்ள கப்பலை ஆதாரமாகக் கொண்டு, பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டப்பட்டது. வரைபடம் எதுவும் கிடையாது என்பதால் ஓவியத்திலிருந்து வடிவத்தை ஊகித்து, நம் சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையில் மாதிரி வைத்துச் சோதித்த பிறகே கட்டினார்கள். எது ஓவியத்தில் உள்ளது, எது ஊகம் என்பதை ஒளிக்கவில்லை. பிளாக் கப்பல் கட்டுகிறவர்களும் இதைச் செய்யலாம். விளையாட்டிலேயே அறிவிப்புப் பலகை இருக்கிறது. சுக்கானுக்குப் பக்கத்தில் ஒன்றை நட்டு “காசில் உள்ளபடி” என்றும், தளத்துக்கு அருகில் ஒன்றை நட்டு “என் ஊகம்” என்றும் எழுதிவிடுவதில் ஒரு சிரமமும் இல்லை.

எதைக் கட்டலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் விருப்பங்களைச் சொல்கிறேன். அளவும் வரைபடமும் முழுமையாக வேண்டும் என்பவர்கள் டிரிங்கோமலி என்ற போர்க்கப்பலை எடுத்துக்கொள்ளலாம். நம் திருகோணமலையின் பெயர் தாங்கிய இது, பம்பாயில் வாடியா குடும்பத்துக் கப்பற்கலைஞர்களால் தேக்கில் கட்டப்பட்டு 1817இல் நீரில் இறக்கப்பட்டது. இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்ல்பூலில் மிதக்கிறது. இதற்காக முதலில் அனுப்பப்பட்ட வரைபடங்கள், அவற்றை ஏற்றி வந்த ஜாவா என்ற கப்பல் 1812இல் அமெரிக்கர்களிடம் தோற்றபோது தொலைந்துபோய், மறுபடியும் அனுப்ப வேண்டியதாயிற்று. பீரங்கித் தளம் சுமார் 46 மீட்டர், அகலம் சுமார் 12 மீட்டர். விக்டரியைவிடக் கைக்கு அடங்கும் அளவு. விளையாட்டில் தேக்கு கிடையாது. நிறத்துக்கு டார்க் ஓக்கும் ஸ்ப்ரூஸும் கலந்து வைக்கலாம்.

தமிழ் ஓடாவிகளின் (மரக்கப்பல் கட்டும் தச்சர்கள்) கைவேலையே வேண்டும் என்றால் இலங்கையின் வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி இருக்கிறது. 89 அடி நீளம், 19 அடி அகலம், இரண்டு பாய்மரம். ராபின்சன் என்ற அமெரிக்கர் விலைக்கு வாங்க, வல்வெட்டித்துறை மாலுமிகளே செலுத்திச் சென்று, 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். இரு மடங்கு அளவில் 54 பிளாக் நீளம். அகலம் 11.6 என்று வரும், ஒற்றைப்படைக்காக 11 பிளாக் எடுக்கலாம். விக்டரிக்குக் கொடுக்கும் உழைப்பில் கால்பங்கை இந்தக் கப்பலுக்குக் கொடுத்தால் போதும்.

சென்னைப் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது மசூலாப் படகுதான். இங்கே செயற்கைத் துறைமுகம் எழுவதற்கு முன், கப்பல்கள் கரையிலிருந்து தள்ளி நங்கூரமிட்டு நிற்க, ஆட்களையும் சரக்கையும் அலைதாண்டிக் கொண்டுவந்தது அந்தப் படகு. ஆணியும் வங்கும் இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தது. அலை தூக்கித் தரையில் அடித்தாலும் உடையாமல் வளைந்துகொடுப்பதற்காகவே அப்படிச் செய்தார்கள். ஒரு மீட்டர் பிளாக்கில் இதன் வளைவு வராது. ஐந்து மடங்கு அளவில் கட்ட வேண்டும், அப்போதுதான் தையலையும் காட்ட முடியும். 19ஆம் நூற்றாண்டு ஓவியங்களும் ஒளிப்படங்களும் உதவிக்கு இருக்கின்றன.

அடுத்ததாக நான் கட்ட விரும்புவது, எஞ்சின் பொருத்துவதற்கு முன்பு கொழும்புக்குப் பாய்விரித்து ஓடிய தூத்துக்குடித் தோணி. ஏராவின் நீளம், நடு அகலம், பாய்மர உயரம், பருமலின் நீளம் ஆகிய நான்கு அளவுகள் ஒரே தோணிக்குச் சேர்ந்து கிடைத்தால் வேலையைத் தொடங்கிவிடலாம். தூத்துக்குடி நண்பர்கள் யாருடைய வீட்டிலாவது பழைய கணக்குப் புத்தகத்திலோ, ஓடாவி கையால் போட்ட படத்திலோ இந்த அளவுகள் இருந்தால் ஒளிப்படம் எடுத்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள். பக்கவாட்டிலிருந்து எடுத்த பழைய ஒளிப்படமாக இருந்தாலும் சரி. அதில் தளத்தின் மேல் ஓர் ஆள் நின்றால், அவர் உயரத்தை வைத்தே மற்ற அளவுகளைக் கணக்கிட்டுவிடலாம்.