வாட் எண்ணைப் பார்த்து ஒலிபெருக்கியை எடைபோடாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை மாலை கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வந்த ஒருவர் தன் அம்பிளிபயரை இணைத்ததும் என் பழைய குவாட் ஒலிபெருக்கி கெட்டுப்போனதை உங்களிற் பலர் அறிவீர்கள். அன்றிரவே அவர் எழுதிய பதிவையும் படித்திருப்பீர்கள். "காலாவதியான பெட்டி, கொழும்புக் காற்றுக்குத் தாக்குப்பிடிக்காது" என்கிறார். அது பெட்டியே அல்ல, தட்டையான பலகங்களால் ஆனது. அதைக் கெடுத்ததும் கடற்காற்று அல்ல, அவர் கொண்டுவந்து இணைத்த 200 வாட் அம்பிளிபயர்.

குவாட் நிறுவனம் 1957இல் விற்பனைக்குக் கொண்டுவந்த இந்த நிலைமின் ஒலிபெருக்கியில் கூம்பும் இல்லை, காந்தமும் இல்லை. ஒவ்வொரு பலகத்திலும், துளையிட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று, ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றப்பட்டு, இழுத்துக் கட்டப்பட்டிருக்கிறது. அம்பிளிபயரிலிருந்து வருவதை உள்ளேயுள்ள நிலைமாற்றி பன்மடங்காக உயர்த்தித் தகடுகளுக்குக் கொடுக்க, படலம் முழுவதும் ஒன்றாக அசைகிறது. உள்ளே நுழையத்தக்க உச்ச மின்னழுத்தம் 33 வோல்ட். 8 ஓமில் 200 வாட் தரும் அம்பிளிபயர் 56 வோல்ட் வரை போகும். கணக்கு இவ்வளவுதான். இதைச் சொல்லி இரண்டு முறை வேண்டாம் என்றேன். வீட்டுக்கு வந்தவர் என்பதால் மூன்றாம் முறை சொல்லவில்லை. அவர் ஒலியைக் கூட்டியதும் வலப்பக்க ஒலிபெருக்கியின் நடுப்பலகத்தில் 'சட்' என்று ஒரு சத்தம், துணிக்குப் பின்னால் ஒரு நீலப் பொறி, பிறகு கருகிய வாடை. படலத்தில் இப்போது ஊசிமுனை அளவில் ஓட்டை இருக்கிறது.

"நல்ல அம்பிளிபயர் என்றால் எதையும் இயக்க வேண்டும்" என்று ஒருவர் பின்னூட்டம் இட்டிருந்தார். நிலைமின் ஒலிபெருக்கி மின்சாரத்தின் கண்ணுக்கு ஒரு கொள்ளளவி, அதாவது மின்னேற்றத்தைத் தேக்கும் உறுப்பு. மின்னோட்டத்துக்கு அது காட்டும் தடை 16 ஓம் என்று குறிப்பிடப்பட்டாலும், மீடிறன் (ஒலியின் அதிர்வெண்) ஏற ஏற அது சரிந்து, மேல் எல்லையில் ஏறக்குறைய 2 ஓமுக்கு இறங்கிவிடும். சாதாரண ஒலிபெருக்கியில் ஒழுங்காக வேலை செய்யும் அம்பிளிபயர்கள் சில இதில் நிலைகுலைந்து தாமாகவே அலைவுறத் தொடங்கும். ஆகவே எத்தனை வாட் என்பதற்கு முன்னர், எதனுடன் இணைக்கப்போகிறோம் என்று கேட்க வேண்டும்.

என் மாமா 1978இல் இலண்டனிலிருந்து திரும்பியபோது இந்தச் சோடியைக் கப்பலில் கொண்டுவந்தார். அவற்றுடன் வந்தவை 1953ஆம் ஆண்டு வடிவமைப்பான 'குவாட் II' என்னும் வால்வு (வெற்றிடக் குழாய்) அம்பிளிபயர்கள், ஒவ்வொன்றும் 15 வாட். 16 ஓமில் அதன் உச்சம் 22 வோல்ட் மட்டுமே என்பதால், முழுமையாகத் திருப்பினாலும் படலத்துக்கு ஆபத்தில்லை. ஒவ்வோர் இரவும் மாமா அவற்றை வேட்டித் துணியால் மூடிவிட்டே படுப்பார். வீணையில் விரல் மெட்டிலிருந்து மெட்டுக்கு வழுக்கும் அந்தச் சிறு உரசலை நான் முதன்முதலாகக் கேட்டது அந்த 15 வாட்டில்தான்.

ஈரப்பதன் பற்றிச் சொல்பவர்களுக்கு மறுப்பில்லை. உப்புக் காற்றில் உயர் மின்னழுத்தம் கசியும், தூசி படலத்தில் ஒட்டும். நான் இரண்டு முறை பலகம் மாற்றியிருக்கிறேன். ஆனால் அது ஆண்டுக்கணக்கில் மெதுவாக நடக்கும் தேய்வு. ஞாயிறு மாலை ஒரு நொடியில் நடந்தது வேறு. இந்த ஒலிபெருக்கியில் அடிச்சுரம் (தாழ்ந்த ஒலி) அதிராது என்று குறைசொல்கிறவர்கள் அதிரும் ஒலிபெருக்கியை வாங்கிக்கொள்ளலாம், நான் யாரையும் தடுக்கவில்லை.

எனக்கு வலித்தது ஓட்டை அல்ல. பொறி பறந்த பின்பும் அவர் தன் அம்பிளிபயரைத்தான் தொட்டுப் பார்த்தார், சூடாகவில்லை என்றார். போகும்போது, இதை இப்படியே விற்றுவிடுங்கள் என்று அறிவுரையும் சொன்னார். மாமாவின் வேட்டித் துணி அப்போது கதிரையில் மடித்துக் கிடந்தது. அந்தப் பதிவை அவர் திருத்த வேண்டும். பலகத்தின் செலவை நான் கேட்கவில்லை. கெட்டதற்குக் காரணம் எது என்பதை மட்டும் சரியாக எழுதட்டும்.