250 ஆண்டுகளில் பேரரசு முடியுமா?

சென்னை அடுக்குமாடிக் குடியிருப்புகளின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: 'எந்தப் பேரரசும் 250 ஆண்டுக்கு மேல் நிலைத்ததில்லை. 1776-இல் பிறந்த அமெரிக்கா 2026-இல் முடியும்.'

இது தவறு.

இந்தக் கணக்கைப் பரப்பியவர் ஜான் கிளப் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி, 1970-களில் எழுதினார். அவர் கொடுத்த ஆண்டுகளைப் பார்த்தாலே சங்கதி புரிந்துவிடும். துருக்கியரின் உஸ்மானியப் (ஒட்டோமான்) பேரரசை 1570-இலேயே முடித்துவிடுகிறார். அதற்கு நூறு ஆண்டுகள் கழித்தும், 1683-இல், அதன் படை வியன்னாவை முற்றுகையிட்டது. சுல்தான் ஆட்சி 1922 வரை நீடித்தது. ரோமைக் குடியரசு, பேரரசு என்று இரண்டாக வெட்டி, பேரரசை கி.பி. 180-இல் நிறுத்திவிட்டார். மேற்கு ரோமில் 476 வரை பேரரசர்கள் இருந்தார்கள். கிழக்கு ரோமின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளோ 1453-இல்தான் வீழ்ந்தது. விடையை முதலில் வைத்துக்கொண்டு ஆண்டுகளை நறுக்கினால் எந்த எண்ணையும் வரவழைக்கலாம்.

அவ்வளவு தூரம் போவானேன்? விஜயாலயச் சோழன் ஆட்சிக்கு வந்த ஒன்பதாம் நூற்றாண்டு நடுப்பகுதியிலிருந்து 1279 வரை சோழர் ஆட்சி 400 ஆண்டுகளுக்கும் மேல். வடசென்னையில் உள்ள திருவொற்றியூர்க் கோயிலில் அவர்கள் கல்வெட்டுகளே இருக்கின்றன.

அப்புறம், 1776 சுதந்திரப் பிரகடனம் வெளியான ஆண்டு. அப்போது அமெரிக்கா கடலோரத்து 13 காலனிகள்தான், பேரரசே இல்லை. அதன் அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்தது 1789-இல். அமெரிக்காவுக்குச் சிக்கல்கள் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பிள்ளைகளை அங்கே படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோரை இந்தப் பொய்க் கணக்கைக் காட்டிப் பயமுறுத்துவது நியாயமே இல்லை.