குளிக்கட்டுமா, வேண்டாமா?

நேற்று பார்த்த தோல் மருத்துவர் சொன்னது: "தினமும் குளிக்காதீங்க, தோல் வறண்டு போயிடும்." போன வருடம் பார்த்தவர் சொன்னது: "தினமும் கண்டிப்பா குளிங்க, கிருமி சேரக் கூடாது." இருவர் குரலிலும் துளி சந்தேகம் இல்லை. இருபது வருடமாக இந்த எக்ஸிமாவோடு, கரப்பான் என்கிறோமே அந்தச் சனியனோடு, குடித்தனம் நடத்துகிறேன். உடம்பில் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாமா என்பதற்கு ஒரே பதில் வாங்க முடியவில்லை!

மருத்துவர்கள் மேல் கோபம் இல்லை. சரி, கொஞ்சம் இருக்கிறது. ஆனால் இதைச் சோதித்துப் பார்க்க உலகத்துக்கு இத்தனை காலம் ஆனதே, அதுதான் வயிற்றெரிச்சல். பிரிட்டனில் நோயாளிகளையும் மருத்துவர்களையும் சேர்த்துவைத்து, எக்ஸிமாவில் எதை முதலில் ஆராய வேண்டும் என்று கேட்டார்கள். ஜேம்ஸ் லிண்ட் அலையன்ஸ் முறை என்று பெயர். 2013-ல் அந்தப் பட்டியல் வெளியானது. அதில் என்ன இருந்தது தெரியுமா? எத்தனை தடவை குளிப்பது, தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கலாம் என்பதெல்லாம் இருந்தது. ஸ்டீராய்டு களிம்பை வருடக்கணக்கில் பூசினால் என்ன ஆகும் என்பதும் இருந்தது. அந்த ஸ்டீராய்டுகளில் ஒன்றான ஹைட்ரோகார்டிசோனைத் தோலில் பூச ஆரம்பித்தது 1952-ல். அறுபது வருடம் பூசிவிட்டு அப்போதுதான் இந்தக் கேள்வி!

புது மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. 2017-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டூபிலுமாப் ஊசி, எதற்கும் அடங்காத எக்ஸிமாவோடு போராடிய பலரை நிம்மதியாகத் தூங்க வைத்திருக்கிறது. ஆனால் ஊசிக்குக் காப்புரிமை உண்டு, பின்னால் ஒரு நிறுவனம் உண்டு. வாளித் தண்ணீருக்கு யார் இருக்கிறார்கள்? பொதுப்பணத்தில் யாராவது செய்தால்தான் உண்டு.

அப்படிச் செய்தபோதெல்லாம் பொட்டில் அறைந்த மாதிரி பதில் வந்திருக்கிறது. குளிக்கும் தண்ணீரில் கலக்கும் எண்ணெயை 482 குழந்தைகளிடம் சோதித்தார்கள். 2018-ல் முடிவு: வழக்கமான மாய்ஸ்சரைசருக்கு மேல் அதனால் சொல்லிக்கொள்ளும்படி பலன் இல்லை. பட்டு உள்ளாடை? 300 குழந்தைகள், 2017, பலன் இல்லை. (இரண்டையும் நான் வாங்கியிருக்கிறேன். வேறென்ன சொல்ல.) பிறந்ததிலிருந்து ஒரு வருடம் தினமும் மாய்ஸ்சரைசர் பூசினால் எக்ஸிமா வராமல் தடுக்கலாம் என்ற நம்பிக்கையும் 2020-ல் 1,394 குழந்தைகளிடம் நடந்த சோதனையில் உடைந்தது. வந்தபிறகு மாய்ஸ்சரைசர் வேண்டும், அது வேறு. இதையெல்லாம் தோல்வி என்று சொல்கிறவர்களை என் அலமாரியைத் திறந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, எனக்கு ரொம்பவே எரிவது. பாடப்புத்தகப் படங்களில் எக்ஸிமா என்றால் வெள்ளைத் தோலில் சிவப்புத் திட்டு. என் தோலில் அது எங்கே சிவக்கிறது? கருஞ்சாம்பலாக, ஊதாவாக, தடித்துக் கிடக்கும். "சிவப்பு அவ்வளவா இல்லையே, லேசானதுதான்" என்று ஒருவர் எழுதிக்கொடுத்தார். அன்று ராத்திரி மூன்று மணிக்குப் போர்வையெல்லாம் ரத்தப்புள்ளி. நோயின் கடுமையை அளக்கும் மதிப்பெண்ணிலேயே சிவப்புக்கு ஒரு பங்கு வைத்திருக்கிறார்கள். கருந்தோலில் அது குறைத்துத்தான் காட்டும். இதை யார் முன்னுரிமையில் சேர்ப்பது?

குளியலுக்கு வருகிறேன். அந்தக் கேள்விக்கும் 2025-ல் பதில் வந்துவிட்டது. நாட்டிங்காம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எக்ஸிமா உள்ளவர்களையே கூட வைத்துக்கொண்டு திட்டமிட்ட சோதனை. வாரத்துக்கு ஒன்றிரண்டு தடவை குளித்தவர்களுக்கும் கிட்டத்தட்ட தினமும் குளித்தவர்களுக்கும் நோயில் வித்தியாசம் தெரியவில்லை. அவரவர் வசதி, அவ்வளவுதான்!

இதை நேற்றைய மருத்துவரிடம் சொன்னேன். "இணையத்துல படிச்சதையெல்லாம் நம்பாதீங்க" என்றார். அடுத்த மாதம் வரச் சொல்லியிருக்கிறார். குளித்துவிட்டுத்தான் போகப்போகிறேன்.